பீரோ காலுக்குக் கீழே இருந்த கல்யாணம்

கரமனை, திருவனந்தபுரம்
12 செப்டம்பர் 2024

அன்புள்ள பிரேமாவுக்கு,

உன் கல்யாண வீடியோ கேசட் பாழாகவில்லை. வீடியோக்காரன் ஜெபசிங்கின் கேமராவில் நாடா சிக்கி எல்லாம் போய்விட்டது என்று இருபத்தேழு வருஷமாக நான் சொல்லிவந்தது பச்சைப் பொய். கேசட் என் வீட்டில்தான் இருந்தது. சும்மாவும் இருக்கவில்லை, வேலை பார்த்தது. எங்கள் படுக்கையறை பீரோவுக்கு முன்பக்க வலது கால் கொஞ்சம் குட்டை. அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு, ஒரு நாள்கூட லீவு போடாமல், நான் ஆபீசில் செய்ததைவிட யோக்கியமான சர்வீஸ் செய்திருக்கிறது.

இதை எழுதும்போதே காது சூடாகிறது. அம்மா சாகும்வரை, "அந்தப் படம்பிடிச்சவன் கை வெளங்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கை நன்றாகவே விளங்கிற்று. மார்த்தாண்டத்தில் மூன்று மாடி வீடு கட்டியிருக்கிறான். போன வருஷம் விழிஞ்ஞத்தில் மீன் வாங்கப் போனபோது எதிரே வந்தான். புதுத் துறைமுகம் பார்க்க வந்தானாம். "சாரே, நம்ம கேசட்டு நல்லா இருக்கா?" என்று கேட்டான் பாவி. சாளை மீன் பையோடு நான் ஓடிய ஓட்டத்தை அங்கிருந்த பூனைகள் மட்டும் மெச்சின.

நீ என்னை போனில் தடுத்துவைத்து ஆறு வருஷம் ஆகிறது. குடும்ப குரூப்பில் உன் வீட்டுக்காரரின் பாட்டைப் பற்றி நான் போட்ட ஒரு வரிக்காக. அந்த வரி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஆறு வருஷத்துக்கு ஈடாகாது. அதனால்தான் தபால். தபால்காரரை உன்னால் தடுக்க முடியாதே.

உன் மகள் ஆர்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று நம் சித்தப்பா மகன் ராமசுப்ரமணியன் சொன்னான். தாய்மாமன் நான் இருக்க, சேதி அவன் வாயிலிருந்து வருகிறது. ஏன் என்று தெரியாமல் இல்லை. உன் கல்யாணத்தன்று ஸ்ரீகுமார் மாப்பிள்ளையாக வந்து இறங்கியபோது, கிண்டிச் செம்பில் தண்ணீர் எடுத்து அவன் காலைக் கழுவ வேண்டிய பெண்ணின் அண்ணனைக் காணவில்லை. ராமசுப்ரமணியன்தான் கழுவினான், கால் கழுவுகிறவனுக்கு மாப்பிள்ளை போடும் மோதிரமும் அவன் விரலுக்குப் போயிற்று. "அண்ணன்காரன் எங்கடே போனான்?" என்று உன் மாமியார் கண்ணை மூடும்வரை கேட்டாள்.

எத்தனையோ தடவை சொன்னேன், நீ நம்பவில்லை: நான் சமையல்கட்டில் இருந்தேன். பாயசம் அடிப்பிடித்து, சமையல்காரர்கள் இரண்டுபேர் கரண்டியோடு மல்லுக்கு நின்றார்கள். ஜெபசிங் அங்கேயும் வந்து படம் எடுத்தான். படத்தின் மூலையில் மணி ஓடும். மாப்பிள்ளை இறங்கியது 9.42. அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்பதற்குக் கேசட்டே சாட்சி.

இதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஏதோ கருவி வேண்டுமாம். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நம் குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவள் நீ ஒருத்தி. எதை வாங்க?

அடுக்களையிலிருந்து பகவதி சத்தம் போடுகிறாள்: "கேசட்ட உருவிட்டியளே, பீரோ ஆடுது, யாரு பாக்கது?" பீரோவைப் பார்க்கப் போகிறேன்.

உன் அண்ணன்,
குற்றாலலிங்கம்

•

வடசேரி, நாகர்கோவில்
20 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. பஸ்ஸில் வந்தால் இரண்டு மணிக்கூர். தபாலில் நாலு நாள்.

உங்களுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லும் கேசட்டை யாராவது பீரோவுக்கு அடியில் வைப்பார்களா? இதற்கு மட்டும் ஒரு வரியில் பதில் எழுதுங்கள். ஒரு வரியில்.

ஆர்யாவுக்குத் தை இருபது, பிப்ரவரி இரண்டாம் தேதி கல்யாணம். அழைப்பிதழை நம் டி.டி.பி. கடையில் நானே டைப் செய்கிறேன். தாய்மாமன் பெயர் வரவேண்டிய இடம் இப்போதைக்கு வெறுமையாக இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அச்சுக்குப் போகும். அதற்குள் கேசட்டில் இருப்பது முழுவதும், முதலிலிருந்து கடைசிவரை, என் கைக்கு வரவேண்டும். நீங்கள் சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் இருந்தீர்கள் என்றால் உங்கள் பெயர் வரும். இல்லையென்றால் அந்த இடத்தில் ஒரு பூ டிசைன் போட்டுவிடுவேன். நிறைய இருக்கிறது.

கருவியை அப்புறம் பார்க்கலாம். முதலில் கேசட்டின் மூடியைத் தூக்கி நாடாவைப் பாருங்கள். வெள்ளையாக ஏதாவது இருந்தால் வி.சி.ஆரில் போடவே போடாதீர்கள். நாடாவும் போகும், வி.சி.ஆரும் போகும்.

பிரேமா

•

கரமனை
2 அக்டோபர் 2024

அன்புள்ள பிரேமா,

ஒரு வரிப் பதில்: கேசட் என் கைக்கு வந்தபோது நமக்குள் சண்டை மூண்டுவிட்டது, "என்னை நம்பாதவளுக்கு நான் ஏன் நிரூபிக்க வேண்டும்" என்ற வீம்பு. இது இரண்டு வரியாகிவிட்டதென்றால் உன் கடை அளவில் எழுத்தைச் சிறிதாக்கிக்கொள்.

வெள்ளையா என்று கேட்டாயே. பழவங்காடி பிள்ளையாருக்கு உன் கல்யாணத்தின் பெயரில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, பின்னால் சந்தில் பழைய ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்க்கும் அருமைநாயகத்திடம் கேசட்டை நீட்டினேன். மூடியைத் தூக்கிப் பார்த்தவன், என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது கேசட்டா அப்பளமா?"

"ஏன்டே?"

"பூப்பல் பிடிச்சு வெள்ளப் பூத்துக் கெடக்கு. திருவந்தரம் மழைல மனுசனே பூப்பான், நாடா பூக்காதா? எங்க வச்சிருந்திய?"

பீரோவுக்கு அடியில் என்று சொல்ல வெட்கப்பட்டு, லாக்கரில் என்று சொன்னேன். "அப்ப லாக்கர்ல தண்ணி ஒழுகுது, பாங்கில சொல்லுங்க" என்றான்.

ஐந்து திருகாணியையும் கழற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி, சாராய வாடை அடிக்கும் ஏதோ திரவத்தைத் துணியில் தொட்டு ஒவ்வொரு முழமாகத் துடைத்தான். மூன்று மத்தியானம் பிடித்தது. நான் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசினேன். அவனுக்கு வேண்டாம் என்றுதான் தோன்றியது, ஆனால் இரண்டு கையும் உன் கல்யாணத்தில் மாட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. மே மாதம் ஐம்பத்தாறு முடிந்து ரிட்டயர் ஆனபிறகு, எழுந்து போக முடியாத ஆட்களாகப் பார்த்துத்தான் பேசுகிறேன். முடிவெட்டுகிறவன், பல் டாக்டர், இப்போது இவன்.

வி.சி.ஆர். ஒன்றும் இரவல் தந்தான். ஈரம் போக நாலு நாள் கேசட்டை அரிசி டப்பாவில் புதைத்துவைக்கச் சொன்னான். பகவதி ஆழாக்கை விட்டுத் துழாவி, அரிசியிலிருந்து கேசட்டை எடுத்து, "இத வேகவைக்கவா, வறுக்கவா?" என்கிறாள்.

கருவி ஒன்று அவசரப்பட்டு வாங்கிவிட்டேன். கட்டைவிரல் நீளம். ஒரு பக்கம் கம்ப்யூட்டரில் செருகும் மூக்கு, மறுபக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகள். அது வேலை செய்ய ஒரு சிடியைப் போட வேண்டுமாம். என் லேப்டாப்புக்குச் சிடி போட வாயே இல்லை. பெங்களூரிலிருக்கும் அனீஷிடம் போனில் கேட்டால், "அப்பா, அத மியூசியத்துக்குக் குடுங்க" என்று வைத்துவிட்டான். மகன் என்னிடம் பேசிய நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

அடுத்து என்ன வாங்க? சாவகாசமாக எழுது.

அண்ணன்

•

வடசேரி
9 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

சாவகாசமாக எழுத எனக்கு நேரமில்லை. ஆயுதபூஜைக்கு நோட்டீஸ் வேலை குவிந்துகிடக்கிறது.

கட்டைவிரலைத் திருப்பிக் கொடுங்கள். மூன்று வழி இருக்கிறது.

கம்ப்யூட்டரே வேண்டாத பெட்டி ஒன்று உண்டு. வி.சி.ஆரின் வயரை அதில் செருகி, பென் டிரைவைச் சொருகி, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். உங்களுக்கு அதுதான் லாயக்கு. ஆனால் பழைய நாடாவில் படம் நடுங்கினால் "சிக்னல் இல்லை" என்று அதுபாட்டுக்குப் பதிவை நிறுத்திவிடும். கல்யாணம் துண்டு துண்டாக வரும். அதிலும் சில பெட்டிகள் படத்தின் ஓரத்தை வெட்டிவிடும். எனக்கு ஓரம்தான் வேண்டும். மூலையில் ஓடும் மணிக்காகத்தான் இவ்வளவும்.

டேப் போட்ட பழைய டிஜிட்டல் ஹேண்டிகேம் யாரிடமாவது இருந்தால், வி.சி.ஆரிலிருந்து அதற்குக் கொடுத்து, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்கலாம். படம் நன்றாக நிற்கும். ஆனால் அந்த வயரைச் செருகும் இடம் இப்போதைய லேப்டாப்களில் இல்லை.

மூன்றாவது, நீங்கள் வாங்கியது மாதிரியே, ஆனால் ஒழுங்கான கம்பெனி. இன்றைய விண்டோஸ் அதைத் தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

எது வாங்கினாலும் PAL என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர்க் கேசட் அது. மற்றதைத் தொட்டால் படம் கறுப்பு வெள்ளையாக உருளும்.

நிச்சயதார்த்த போட்டோவில் ஆர்யா சிரிக்கும்போது அப்படியே மாமன் பல் என்று எல்லாரும் சொன்னார்கள். இதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிரேமா

•

கரமனை
5 நவம்பர் 2024

அன்புள்ள பிரேமா,

மாமன் பல் என்ற சேதியைக் கண்ணாடி முன்னால் நின்று கொண்டாடினேன். முன்வரிசையில் இரண்டு இப்போது டாக்டர் கட்டியது. அதைப் பிள்ளையிடம் சொல்லாதே.

உன் மூன்று வழியிலும் நடந்து பார்த்துவிட்டேன். பெட்டியை வாங்கி, சோதனைக்கு அரை நிமிடம் ஓட்டினேன். நாதஸ்வரம் ஒரு இழுப்பு இழுத்ததும் பெட்டி நின்றுவிட்டது. அரை நிமிடத்தில் நாலு தடவை நின்றது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ரத்னாபாய் டீச்சர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"எந்தா சாரே, வீட்டில விசேஷமா?"

"பழைய விசேஷம் டீச்சர்."

"அது சரி" என்று தலை உள்ளே போயிற்று. ஆறு மாதத்தில் அவர் என்னிடம் பேசியது அதுதான். பெட்டி உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து ஹேண்டிகேம். கிழக்கேகோட்டையிலிருந்து ஒவ்வொரு ஸ்டூடியோவாக ஏறி இறங்கினேன். ஒருவரிடம் இருந்தது, பேட்டரி இல்லை. இன்னொருவரிடம் பேட்டரி இருந்தது, கேமரா இல்லை. இரண்டுபேரையும் சம்பந்தி ஆக்கலாம் என்றால் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லையாம். நம்மைப் போல.

மூன்றாவது ரகத்தில் நாலு கம்பெனி. எல்லாவற்றுக்கும் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் படம் நன்றாக வருமாம், சத்தம் பின்தங்குமாம். வாய் அசைந்து ஒரு நிமிடம் கழித்து "கெட்டிமேளம்" என்று கேட்டால் தாலி யார் கழுத்தில் ஏறும்? இன்னொன்றுக்கு என் லேப்டாப் வயசானதாம். எதற்கும் அவசரப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். பகவதியும் அதையேதான் சொல்கிறாள். இப்போது அவள் வடை சுடும் மும்முரம், எண்ணெய்க் கையோடு வந்து என் தோள் வழியாக இதை எட்டிப் பார்த்து, "எனக்க அன்பையும் எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

நாலில் எது என்று ஒவ்வொன்றையும் பற்றித் தனித்தனியாக எழுது. நாலு கடிதம் ஆனாலும் பரவாயில்லை.

அண்ணன்

•

வடசேரி
18 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

நாலு கடிதம் எழுத மாட்டேன். கருவியை நானே வாங்கி இதோடு கூரியரில் அனுப்பியிருக்கிறேன். நம் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சோதித்தது. இனி ஜாதகம் பார்க்க ஒன்றும் இல்லை.

நீங்கள் தள்ளிப்போடுகிறீர்கள். இரண்டு மாதத்தில் இரண்டு கருவி வாங்கித் திருப்பியாயிற்று. கருவியில் குறை இல்லை. கேசட்டில் இருப்பது நீங்கள் சொன்னது இல்லையோ என்று எனக்கு ஒரு எண்ணம். அவர் வேறு தினம் கேட்கிறார், "ஒனக்க அண்ணன் கேசட்டு எந்த ஸ்டேஷன்ல நிக்கி?"

செய்ய வேண்டியது:

வி.சி.ஆரிலிருந்து மஞ்சள் வயர் மஞ்சளில், சிவப்பு சிவப்பில், வெள்ளை வெள்ளையில். டி.வி.க்குத் தனி வயர் கொடுங்கள், அதில் பார்த்துக்கொள்ளலாம். புரோகிராமைத் திறந்தால் படம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு இரண்டு பெயர் காட்டும். முதலில் இருப்பது அல்ல, இரண்டாவது. சத்தத்தை நான் முன்கூட்டியே அமைத்திருக்கிறேன், தொட வேண்டாம். பதிவு தொடங்கியதும் அந்த ஜன்னலைச் சிறிதாக்கிவிட்டு மவுசிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். எது நடந்தாலும் கேசட் தீரும்வரை நிறுத்தாதீர்கள்.

பகவதி மைனிக்கு என் அன்பு. அவள் முழங்கால் இப்போது எப்படி? அதையும் எழுதுங்கள்.

பிரேமா

•

கரமனை
15 டிசம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள பிரேமா,

முடிந்தது. இன்று காலை பத்து மணிக்குத் தொடங்கி, பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் கேசட் தீர்ந்து தானே நின்றது. பென் டிரைவை இந்தக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் போடுகிறேன்.

நீ சொன்ன எதையும் மீறவில்லை. உன் கடிதத்தை மூக்குக்கண்ணாடியோடு சேர்த்து எங்கேயோ வைத்துவிட்டு, மனப்பாடமாகத்தான் செய்தேன். மஞ்சள் மஞ்சளில், சிவப்பு சிவப்பில். வயர் ஒரு முழம்தான் இருந்தது, அதனால் லேப்டாப்பை டி.வி.க்குப் பக்கத்திலேயே, என்னைப் பார்க்க வைத்தேன். இரண்டு பெயர் வந்தது. முதல் பெயரை அமுக்கினேன். கல்யாணக் காரியத்தில் முதல் பெயருக்குத்தானே முதல் மரியாதை. ஜன்னலைச் சிறிதாக்கினேன். மவுசைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு மணிநேரம் நான் எதையும் தொடாமல் இருந்தது ஆபீஸ் நாட்களுக்குப் பிறகு இன்றுதான்.

பதிவானதைத் திறந்து பார்க்கவில்லை. மணப்பெண்ணே பார்க்காத கல்யாணத்தை இன்னொருவன் முதலில் பார்ப்பது முறை இல்லை. எல்லாம் ஏறியிருக்கும் என்று அருமைநாயகம் அடித்துச் சொல்கிறான். "டி.வி.ல வராததும் கம்ப்யூட்டர்ல வரும் அண்ணாச்சி, அதுக்கு கண்ணு ஜாஸ்தி."

பகவதிக்கு வலது முழங்கால் தேவலை. இடதுக்கு மட்டும் தைலம் தேய்த்துக்கொண்டு, இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

நீ எழுதியது சரி பிள்ளே. தள்ளித்தான் போட்டேன். 9.42க்கு நான் எங்கே இருந்தேன் என்று மூலையில் பார்த்துக்கொள். பார்த்தபிறகு நீ எழுதாவிட்டால் அதுவும் புரியும். பூ டிசைன் போடுவதானால் தாமரை வேண்டாம், எல்லாரும் போடுகிறார்கள்.

அண்ணன்

•

வடசேரி
27 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பென் டிரைவ் வந்தது. மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தனியாக உட்கார்ந்து போட்டேன்.

முதல் பெயர் என்பது லேப்டாப்பின் நெற்றியில் இருக்கும் கேமரா. இரண்டாவதுதான் நான் அனுப்பிய கருவி. என் கல்யாணத்தில் ஒரு காட்சிகூட இதில் இல்லை. இரண்டு மணிநேரமும் நீங்கள்தான் இருக்கிறீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து டி.வி.யைப் பார்க்கிறீர்கள்.

கோபம் வந்து நிறுத்தப் போனேன். அப்புறம் கவனித்தேன். பட்டுக்கரை வேட்டி கட்டியிருந்தீர்கள். நெற்றியில் சந்தனம். வீட்டுக்குள் தனியாகக் கேசட் பார்க்க அந்த வேட்டியை எடுத்துக் கட்டியிருக்கிறீர்கள். நிறுத்தவில்லை.

முதல் ஒன்பது நிமிடம் நாதஸ்வரம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை, வயரை நீங்கள் காலால் தட்டியிருப்பீர்கள். அதன்பிறகு உங்கள் முகம் மட்டும். பரவாயில்லை, முகத்தைப் பார்த்தே எனக்குக் கல்யாணம் எங்கே நடக்கிறது என்று தெரிந்தது. முப்பதாவது நிமிடம் தொடையில் அடித்துச் சிரித்தீர்கள். அது நம் பெரியப்பா பந்தியில் இலையோடு சண்டை போட்டதாக இருக்கும். ஐம்பத்தொன்றில் எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டி, கையில் இல்லாத அரிசியை அள்ளிப் போட்டீர்கள். அப்போது எனக்குத் தாலி ஏறியது. ஒண்ணே கால் மணிநேரத்தில் விரலை நீட்டி யாரையோ திட்டினீர்கள், அது அப்பாவை. கடைசியில் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. நான் காரில் ஏறியது அது.

பாதியில் அவர் வந்து ஷட்டரில் குனிந்து உள்ளே நுழைந்தார். "என்னட்டி, இது ஆரு?" என்றார். நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து மீதியைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார், "காலேஜில மூணு வருசம் எனக்கு முன் பெஞ்சில இருந்தவன்லா. பொறந்தலைய மட்டுந்தான் பாத்திருக்கேன். மொகத்த இன்னைக்குத்தான் பாக்கேன்."

இன்னொன்று. இரண்டு மணிநேரத்தில் அந்த அறைக்குள் வேறு யாரும் வரவில்லை. நாலு தடவை நீங்களே எழுந்துபோய்க் காப்பி கொண்டுவந்தீர்கள். மூன்றாவது தடவை இரண்டு டம்ளர் கொண்டுவந்தீர்கள். பக்கத்து நாற்காலியில் வைத்தது கடைசிவரை அப்படியே இருந்தது.

பகவதி மைனி பேரப்பிள்ளையைப் பார்க்க அனீஷ் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் பெங்களூரிலிருந்து என்னோடு பேசுவாள். உங்கள் முதல் கடிதம் வந்தபோதே தெரியும். உங்கள் கடிதங்களில் அவள் அரிசி துழாவுவதையும் வடை சுடுவதையும் போனில் அவளுக்குப் படித்துக்காட்டினேன். முதலில் சிரித்தாள். முழங்கால் தைலத்துக்குச் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு வருகிறேன் என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அழைப்பிதழ் நேற்று அச்சாகிவிட்டது. தாய்மாமன் என்ற இடத்தில் உங்கள் பெயரும் மைனி பெயரும் இருக்கிறது. இனி மாற்ற முடியாது. 9.42க்கு எங்கே இருந்தீர்கள் என்று நானும் கேட்கமாட்டேன், அவரும் கேட்கமாட்டார்.

ஆர்யாவுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. மாப்பிள்ளை இறங்கும்போது கால் கழுவ மாமன்தான் வரவேண்டும். கிண்டியைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். பையனுக்கு இருபத்தேழு வயது, நாலுபேர் பார்க்கக் குனிய வேண்டியிருக்கும். முடியுமா என்று எழுதுங்கள்.

பிரேமா

•

கரமனை
4 ஜனவரி 2025

அன்புள்ள பிரேமா,

இரண்டு மணிநேரம் என் மூஞ்சியைப் பார்த்த இரண்டாவது மனுஷி நீ. முதல் மனுஷி பெங்களூருக்குப் போய்விட்டாள். பதினைந்து நாளில் வருகிறேன் என்றுதான் போனாள். பேரன் தவழட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள், இப்போது பள்ளிக்கூடம் சேரட்டும் என்கிறாள். நான் போய் இருக்கலாம் என்றால், அங்கே எனக்குப் பேச ஆள் இல்லை. இங்கேயும் இல்லை, ஆனால் இங்கே அது எனக்குப் பழகிய ஊர். அவள் இல்லை என்று எழுதினால் ஒரு வரியில் கடிதம் முடிந்துவிடும். வடை சுடுகிறாள் என்றால் பாதிப் பக்கம் வரும். எழுதும்போது எண்ணெய் வாசமும் கொஞ்சம் வந்தது.

கால் கழுவ வருகிறேன். பழகிக்கொண்டும் இருக்கிறேன். பீரோவின் குட்டைக் காலுக்கு முன்னால் தினம் காலையில் செம்போடு குனிந்து தண்ணீர் ஊற்றித் துடைக்கிறேன். பீரோ மோதிரம் ஒன்றும் போடவில்லை. ரத்னாபாய் டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "சாருக்கு சுகமில்லையா?" என்று கேட்டார். இரண்டு மாதத்தில் இரண்டு தடவை பேசிவிட்டார்.

நீ கேட்கமாட்டேன் என்றாய், அதனால் சொல்கிறேன். 9.42க்கு நான் சமையல்கட்டில் இல்லை. பாயசம் அடிப்பிடிக்கவே இல்லை, நீயே குடித்திருப்பாய். மண்டபத்துக்குப் பின்னால் சாமான் அறையில், தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தேன். பரீட்சையில் என் பேப்பரை எட்டிப் பார்த்து எழுதியவன் காலை நானா கழுவுவது என்று இருந்தது. கிண்டியைத் தூக்கக் கை போகவில்லை. கால் கழுவுவதைப் படம்பிடிக்க லைட்டுக்குப் பிளக் தேடி உள்ளே வந்த ஜெபசிங், கேமராவை நிறுத்தாமலேயே வந்தான். பாதிப் பழத்தோடு நான், மூலையில் மணி. கேசட் கைக்கு வந்த அன்றே அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பீரோவுக்குக் கால் குட்டை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. மாப்பிள்ளையிடம் படித்துக்காட்டு. பேப்பரை எட்டிப் பார்த்து எழுதினாலும் என்னைவிட நாலு மார்க் கூட வாங்கினான், அதையும் சொல்.

பகவதியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நேற்று அவளே போன் பண்ணி, "அந்தப் பட்டுக்கர வேட்டிய அலக்கி வைங்க, கறை இருக்கும்" என்றாள். அலசிக் காயப்போட்டிருக்கிறேன்.

அச்சாகிவிட்டது, மாற்ற முடியாது என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தைரியத்தில் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது நிமிடத்தில் நான் வயரைத் தட்டவில்லை. நாடா அதற்குமேல் மக்கிப்போயிருந்தது. நீ பார்த்த மீதி நேரம் முழுவதும் டி.வி.யில் வெறும் நீலத்திரைதான்.

உன் அண்ணன்,
குற்றாலலிங்கம்